கத்தலுக்குப் பின்னால்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன வேணா பேசுங்க சார், அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். சரி. அதற்குப் பதிலாக ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

1982ஆம் ஆண்டு. நான் விடுதிச் செயலாளர். இரண்டாவது மாடியில் ஒரு ஜூனியரின் டேப் ரிக்கார்டரில் யாரோ ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். பாட்டா, சண்டையா என்றே புரியவில்லை. கேசட் அட்டையைப் பார்த்தேன். பளீரென்ற மஞ்சள், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் எழுத்துகள், நடுவே சபையில் சொல்லத்தகாத ஒரு கொச்சைச் சொல். பிடுங்கிக்கொண்டுபோய் வார்டனிடம் கொடுத்தேன். பையனுக்கு அபராதம் விழுந்தது. கேசட் திரும்பவே இல்லை. அதில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து என் மகள் அதே ஆல்பத்தை சிடியாக வாங்கி வந்தாள். அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன்; அதைப் பற்றிப் படித்தேன்.

'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற இங்கிலாந்து இசைக்குழு 1977 அக்டோபரில் வெளியிட்டது அது. பாடியவர் ஜானி ராட்டன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. 'ராட்டன்' என்றால் அழுகியது. பல் கெட்டிருந்ததால் வந்த பட்டப்பெயர்! 1976இல் பிரிட்டன் அரசே பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்றது. பள்ளி முடித்த பையன்களுக்கு வேலை இல்லை. 1977இல் ராணியின் வெள்ளிவிழாவுக்கு ஊரே தோரணம் கட்டியபோது, இவர்கள் ராணியைக் கேலி செய்து ஒரு பாட்டு விட்டார்கள். பி.பி.சி. தடை செய்தது. அப்படியும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். இ.எம்.ஐ., ஏ அண்ட் எம் ஆகிய இரண்டு கம்பெனிகள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. மூன்றாவதாக வர்ஜின் கம்பெனி வெளியிட்ட இந்த ஆல்பம் முதலிடத்துக்குப் போனது.

வெறும் திட்டுக்காகவா வாங்கினார்கள்? கேட்டுப் பாருங்கள். ஸ்டீவ் ஜோன்ஸ் ஒரே கிதாரைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, அடுக்கடுக்காக ஏற்றிச் சுவர்போல் எழுப்பியிருக்கிறார். பெரும்பாலான பாட்டுகளில் பேஸ் கிதாரும் அவர்தான். கிதார் பிடித்துச் சில வருஷமே ஆனவர்! 'இவனால முடிஞ்சா நம்மாலயும் முடியும்' என்று எத்தனையோ பையன்கள் கிதாரைத் தூக்கினார்கள்.

அட்டையிலிருந்த சொல்லுக்காக நாட்டிங்ஹாமில் ஒரு கடை மேலாளர் மீது 1889ஆம் வருஷச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? அவ்வூர்ப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கின்ஸ்லி. அது ஆயிரம் ஆண்டுப் பழைய சொல், ஊர்ப்பெயர்களிலும் உண்டு, ஒரு காலத்தில் பாதிரிமாருக்கே பட்டப்பெயராக இருந்தது, இங்கே 'உளறல்' என்றுதான் பொருள் என்று அவர் எடுத்துச் சொன்னார். நீதிமன்றம் மனமில்லாமல் விடுதலை செய்தது. அந்தக் கத்தல் பேராசிரியருக்குப் பிடித்திருக்குமோ என்னவோ! ஆனாலும் தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்று வந்து நின்றாரே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

அவர்கள் செய்த எல்லாவற்றையும் நான் ஒப்பவில்லை. சிட் விஷியஸ் நாஜிச் சின்னம் போட்ட பனியனோடு திரிந்தார். பெரியவர்களை உறுத்துவதற்காகத்தான் என்றாலும், லட்சக்கணக்கில் சாகக் கொடுத்தவர்களுக்கு அது வலி. கேட்டுப் பார்த்தபின் 'இது தப்பு' என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

அந்த ஜூனியர் இன்று நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று இரவு விடுதி வராந்தாவில் கேட்டேன்: "ஏம்ப்பா, அன்னைக்கு அதையே போட்டுப் போட்டுக் கேட்டியே, அதுல அப்படி என்ன இருந்துச்சு?"

"அப்பா தவறி ஆறு மாசம் ஆகியிருந்துச்சுண்ணே. எனக்கு அழுகையே வரல. அவன் எனக்குப் பதிலா கத்துறாப்ல இருந்துச்சு."

இந்தக் கேள்வியை 1982இல் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

தம்பி, மேடைக்கு வாப்பா. அந்தக் கேசட் போனது போனதுதான். இந்தா, சிடி. அபராதப் பணமும் உறைக்குள் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.