சாட்சி தேடும் புத்தி



மனிதன் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள எப்படித் தேடுகிறான் என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். உண்மையை அறியவே தேடுகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனால் நாம் தேடுவது உண்மையையா, அல்லது முன்னமே நம்பிவிட்ட ஒன்றுக்குச் சாட்சியையா என்பதைச் சற்று நடுநிலையிலிருந்து யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

1960-ம் வருஷத்தில் பீட்டர் வேசன் என்னும் இங்கிலீஷ் மனோதத்துவ அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். காலேஜ் மாணவர்களிடம் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்லுகிறேன், நிச்சயமான பிறகு விதியைச் சொல்லுங்கள் என்றார். மாணவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று மனதில் முடிவு கட்டிக்கொண்டு 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24 என்பார்கள். அதுவும் பொருந்தும். போதாதா? விதியைக் கண்டுவிட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். உண்மையான விதியோ, எண்கள் வரவர ஏறவேண்டும் என்பது மாத்திரமே! 1, 2, 50 என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். தன் முடிவைத் தானே உடைத்துப் பார்க்கும் கேள்வி அவர்களில் அநேகருக்குத் தோன்றவில்லை. படித்தவர்கள் கதியே இது!

ஞாபகமும் இதற்கு உடந்தை. ஜோசியன் சொன்ன பத்தில் ஒன்று பலித்தால் அது பேரன் காலம்வரை பேசப்படும். பலிக்காத ஒன்பதுக்குக் கணக்கு வைத்தவர் யார்? 1620-ல் பிரான்சிஸ் பேக்கன் தம் புத்தகத்தில் ஒரு பழங்கதை சொல்லுகிறார். கடலில் அகப்பட்டு, நேர்ந்துகொண்டதால் பிழைத்தவர்களின் படங்கள் ஒரு கோவிலில் மாட்டியிருந்தன. அவற்றைக் காட்டி, இப்போதாவது தெய்வ சக்தியை ஒப்புக்கொள்ளுகிறாயா என்று ஒருவனை நெருக்கினார்கள். நேர்ந்துகொண்டும் முழுகிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டான். செத்தவன் படம் மாட்ட வருவானா?

இனி, ஆவல். அமெரிக்காவில் 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், விடை கொஞ்சமும் தெரியாத கேள்வியிலும், நிச்சயமாய்த் தெரியும் என்றிருந்த கேள்வியிலும் ஜனங்களுக்கு ஆவல் குறைந்திருந்தது. அரைகுறையாகத் தெரிந்த கேள்வியில்தான் ஆவல் அதிகம். அப்படியானால், பரம்பரையாய் எழுத்தே தெரியாமல் வைக்கப்பட்டவனைப் பார்த்து, இவனுக்கு அறிவில் ஆசையில்லை என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்? முதல் நாலெழுத்தைக் கொடுத்தாலல்லவா அடுத்ததைக் கேட்கத் தோன்றும்? எல்லாம் தெரியும் என்றிருக்கும் பண்டிதருக்கும் ஆவல் இல்லை. அவரை மாத்திரம் யாரும் ஏசுவதில்லை!

ஆகவே ஜோசியம் பார்க்கும் தோழர்களுக்கு ஒரு சிறு வேலை. அவன் சொல்லுவதையெல்லாம் தேதியிட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். பலித்ததற்கு ஒரு கோடு, பலிக்காததற்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். வருஷம் திரும்பியதும் அந்த நோட்டுப் புத்தகத்தோடு இதே சபைக்கு வாருங்கள். எல்லோருமாய்ச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.