புழுவைச் சென்றடையும் மருந்து



மொழிக்குரிய மேடையில் ஆட்டின் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அறிவியலைத் தமிழில் சொல்லும்போது நாம் எங்கே வழுக்குகிறோம் என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

ஆடு வளர்ப்போரை வாட்டும் புழுக்களுள் மிகக் கொடியது ஹீமோன்கஸ் கன்டார்டஸ். அசைபோடும் விலங்கின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. இப்புழு நான்காம் அறையின் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. பெண்புழுவின் உடலில் குருதி நிறைந்த சிவந்த குடலும் வெண்ணிறச் சூலகமும் முறுக்கிய கயிறுபோல் பின்னிக் கிடக்கும். ஒரே நாளில் அது ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அதன் இளம்புழுக்களுக்கு ஆண்டு முழுவதும் உகந்தவை. பாதிக்கப்பட்ட ஆட்டின் கீழிமையைப் புரட்டிப் பார்த்தால் வெளுத்திருக்கும். தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும்.

மருந்து இல்லாமலில்லை. 1981 முதல் கால்நடைகளுக்குப் பயன்பட்டு வரும் ஐவர்மெக்டின் ஒரு வரமாகவே வந்தது. ஆயினும் ஒரே வகை மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில், அவற்றைத் தாங்கவல்ல புழுக்களே பிழைத்துப் பெருகின. மலேசிய ஆட்டுப் பண்ணைகளிலும் 1990களிலிருந்து இந்த மருந்தெதிர்ப்பு பதிவாகி வருகிறது.

ஆகவே ஆய்வாளரின் பார்வை தாவரங்கள்பால் திரும்பியது. செம்மறியாடுகளுக்குப் பச்சை வேப்பிலையை நாள்தோறும் தின்னக் கொடுத்து மலேசியாவில் செய்யப்பட்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஓமத்துக்கு மணம் தரும் தைமால், ஆய்வுக்கூடத் தட்டில் இப்புழுவின் முட்டைகளைப் பொரியவிடாமல் தடுக்கிறது.

தட்டு வேறு, ஆட்டின் வயிறு வேறு. தைமால் எளிதில் ஆவியாகும். நீரில் அரிதாகவே கரையும். விழுங்கியதும் முதல் அறையின் பெருமளவு நீர்மத்தில் கலந்து நீர்த்துப்போகும். ஒரு பகுதி வழியிலேயே உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். புழு இருக்கும் நான்காம் அறைக்குச் சென்று சேர்வது எஞ்சியதே. அளவைக் கூட்டிக் கொடுக்கலாமே என்பீர்கள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகளே ஆட்டுக்குத் தழையைச் செரித்துத் தருபவை. அவற்றை மருந்து கொன்றுவிட்டால், வயிறு நிறையத் தின்றும் ஆடு பட்டினி கிடக்கும்.

இவ்விடத்தில்தான் உறை தேவைப்படுகிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் அமிலத்தில் கரையும் இயல்புடையது. முதல் அறையில் அமிலத்தன்மை குறைவு. நான்காம் அறையிலோ கடுமை. மருந்தின் மிகச்சிறு துளிகளைக் கைட்டோசானில் பொதிந்து கொடுத்தால், உறை வழியில் தாங்கி, புழு இருக்கும் இடத்தில் அவிழும் என்பது எதிர்பார்ப்பு. பிரேசிலில் யூகலிப்டஸ் எண்ணெயை இவ்வாறு பொதிந்து ஆடுகளில் சோதித்திருக்கிறார்கள். பண்ணைக்காரர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்குமா, பாலிலும் இறைச்சியிலும் எவ்வளவு எஞ்சும் என்ற வினாக்களுக்கும் விடை வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். நானோ என்பதை ‘நுண்’ என்று பெயர்ப்பதில் நமக்கு உடன்பாடில்லை. நுண்ணுயிரி, நுண்ணோக்கி ஆகிய சொற்களில் அது ஏற்கெனவே மைக்ரோ அளவுக்கு உரியதாகிவிட்டது. மைக்ரோமீட்டர், மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு; நானோமீட்டர் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே அடையால் குறித்தால் அந்த ஆயிரம் மடங்கு வேறுபாடு மாணவர் மனத்தில் பதியாமலே போகும். நானோ அப்படியே இருக்கட்டும். ஆனால் பொதிசோறு கட்டிய மொழிக்கு ‘என்காப்சுலேஷன்’ வேண்டியதில்லை. ‘நானோ பொதிவு’ போதும்.

இன்னொரு வழுக்கல், சொல்லைவிடக் கருத்தைக் கெடுப்பது. தைமாலை ‘இயற்கை மருந்து’ என்றும் ஐவர்மெக்டினை ‘இரசாயனம்’ என்றும் கட்டுரைகளில் எதிரெதிரே நிறுத்துகிறோம். ஐவர்மெக்டினின் மூலம் ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா. தைமாலும் ஓர் இரசாயனமே. அளவு மிஞ்சினால் ஆட்டுக்கும் கேடு. தைமாலையே தொடர்ந்து கொடுத்து வந்தால், அதைத் தாங்கும் புழுக்களும் ஒருநாள் தோன்றக்கூடும்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கக் காத்திருக்கிறோம்.