ஆடவல்லான் என்னும் எடைக்கல்



திருவிழாக் காலங்களில் மேடைதோறும் ஒரு சொல்லை நாம் கேட்கிறோம். ‘பாரதம் அருள் நாடு, மேலைநாடுகள் பொருள் நாடுகள்’ என்பது அச்சொல். கேட்பதற்கு இனியது, கைதட்டுவதற்கும் எளியது. அது முழு உண்மைதானா என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

பொருளே மெய், அருள் என ஒன்றில்லை என்பார் நம் நாட்டில் இருந்திலர் என எண்ணுதல் பொருந்தாது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் அருளியபோது, பரபக்கத்தில் முதற்கண் எடுத்து மறுத்தது உலோகாயதன் மதத்தையே. காணப்படும் பூதங்களன்றி உயிரும் இல்லை, வினையும் இல்லை, இறைவனும் இல்லை என்பது அவன் கொள்கை. அவன் வேற்று நாட்டினன் அல்லன். நம் மண்ணிலே பிறந்தவன். ஆகவே அருளும் பொருளும் நாட்டு எல்லையால் பிரிவன அல்ல. நெஞ்சின் நிலையால் பிரிவன.

உலோகாயதனை மறுத்த சைவ சித்தாந்தம், மறுபுறம் ஓடி, உலகம் வெறும் பொய்யெனவும் கூறிற்றில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் உள்பொருள்களே. ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்கு உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் ஆகிய தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் இறைவன் கூட்டுவிக்கின்றான். விடியுமளவும் உதவும் கைவிளக்குப் போல்வது இப்பொருளுலகம். விளக்கையே கதிரவனாக மயங்குவது உலோகாயதம். விளக்கை வீசியெறிந்துவிட்டுப் பள்ளத்தில் வீழ்வது பேதைமை. திருவள்ளுவரும் தம் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே வகுத்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததைக் காண்போம். பஞ்சம் வந்துற்றது. ஞானசம்பந்தப் பெருமானும் நாவுக்கரசரும் அங்கே எழுந்தருளியிருந்தனர். பசித்த அடியார்களை நோக்கி, ‘உடல் அநித்தியம், பொறுத்திருங்கள்’ என்று இறைவன் உபதேசிக்கவில்லை. நாள்தோறும் பீடத்திற் பொற்காசு வைத்தருளினான். அக்காசு கடைவீதிக்குச் சென்றது, அரிசியாயிற்று, திருமடங்களில் அமுதாயிற்று. சம்பந்தர் திருமடத்தில் மட்டும் அமுது தாழ்ந்தது. அவர் பெற்ற காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தனர். அப்பரடிகளின் காசு வட்டமின்றிச் சென்றது. அடிகள் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்பதே காரணம் எனச் சேக்கிழார் நமக்கு உணர்த்துகிறார். சம்பந்தர் பதிகம் பாடியபின் அவருக்கும் நற்காசு கிடைத்தது. தெய்வம் தந்த காசுக்கும் மாற்றுப் பார்த்த உலகம் இது! உடல் உழைப்பின் பெருமையை இதனினும் தெளிவாக யார் கூற வல்லார்?

1893-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் சுவாமி விவேகானந்தரும், இந்தியாவுக்கு உடனடித் தேவை சமயமன்று, பசிக்கு உணவே என்னும் கருத்தை அப்பேரவையிலேயே எடுத்துரைத்தார். அருளின் தூதராகச் சென்றவரே அங்ஙனம் கூறினார் எனின், பசியை மறந்த ஆன்மிகம் ஆன்மிகமாகாது என்பது தெளிவு.

இனி, நம் முன்னோர் இரண்டையும் இணைத்த வகையைத் தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகளிற் காணலாம். ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. கோயிற் காசை ஊர்ச்சபைகள் பெற்றால், காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இவையெல்லாம் கல்லில் வெட்டப்பெற்றன. பக்தி மிகுந்த இடத்தில் கணக்கும் மிகுந்து நின்றது. அனைத்தினும் வியப்பு, பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர்! ‘ஆடவல்லான்’ என்று கூத்தப்பெருமானின் திருநாமத்தையே அதற்கு இட்டனர். இறைவன் பெயர் தாங்கிய கல்லைத் தட்டில் வைத்த பின்பு எவன் கை குறைத்து நிறுக்கத் துணியும்?

அமர்நீதி நாயனார் கதையிலும் தராசே வருகிறது. ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வமெல்லாம் வைத்தும் தட்டு நேர்நில்லாமையால், மனைவியோடும் மைந்தனோடும் தாமே ஏறினார். அவர் வணிகர். வணிகத்தை விட்டு ஓடி அவர் வீடுபெறவில்லை. அதன் தராசிலே ஏறிநின்றே வீடுபெற்றார்.

அன்பர்களே! ‘நாம் ஆன்மிக மக்கள்’ என்று பிறநாட்டாரிடம் கூறுமுன் நம் தராசை நோக்குவோம். கோயில் நிலத்தை உழுது குத்தகையை நிலுவை வைத்துவிட்டு, உண்டியலில் ஒரு நோட்டை இடுவது என்ன வழிபாடு? தேருக்கு வடம் பிடித்த கை, கூலியாளின் கூலியைக் குறைக்கலாமா? கலப்படம் செய்த எண்ணெயைக் கடையில் விற்றுவிட்டு, சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றினால் அவ்வொளியில் இறைவன் எதைக் காண்பான்?

நாளை நம் கடைகளில், களங்களில், அலுவலகங்களில் நாம் எடுக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயரிடுவோம். அளவை நேராயின், பொருள் அருளுக்குப் பகையாகாது, அதன் பணியாளாகும். அத்திருவருளை அம்பலக்கூத்தன் நமக்கு வழங்குவானாக.

திருச்சிற்றம்பலம்.