அடி முந்தி, சத்தம் பிந்தி

தைப்பூசம் முடிந்த வாரத்தில் கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் சில வீடுகளில் ஒரே புலம்பல் கேட்கும். காவடியைக் கைப்பேசியில் எடுத்தாயிற்று. ஜொகூரில் இருக்கும் அக்காவுக்கு வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். கணினியில் ஏற்றினால் படம் நகர மாட்டேன் என்கிறது. வீட்டில் ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "கம்ப்யூட்டர் பழசாப் போச்சு, வேற வாங்கு."

வாங்குவதற்கு முன் கொஞ்சம் விசாரிக்கலாம் என்பது என் கட்சி. அதே கணினியில் அதே காணொளியைச் சும்மா ஓடவிட்டால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். வெட்டும்போதுதான் திணறும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

காணொளியில் வரும் ஒவ்வொரு படத்தையும் கைப்பேசி முழுதாகச் சேமிப்பதில்லை. இடைக்கிடை ஒரு முழுப் படம்; நடுவில் எல்லாம் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுத 555 புத்தகம் வைத்திருப்பார்களே, அது மாதிரி. பதினேழாம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், கடைசியாகக் கணக்கு முடித்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். வரிசையாகப் பார்க்கிறவருக்குச் சிரமமில்லை. நடுவில் எங்காவது வெட்டி, முன்னும் பின்னும் இழுத்தால், கணினி ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் பின்னால் புரட்டுகிறது.

அளவையும் பாருங்கள். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 படம் என்று எடுத்தால் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட். விநாடிக்கு மூன்று மெகாபைட்கூட இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளமாகப் படித்துவிடும். ஆனால் அந்தக் குறிப்புகளை முழுப் படங்களாக விரித்தால்? ஒரு படத்தில் 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்று வைத்தால் ஒரு படமே 33 மெகாபைட். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்! எஸ்எஸ்டி மாற்றியும் வெட்டுவது வேகமாகவில்லையே என்று சிலர் நொந்துகொள்வது இதனால்தான். படிப்பதில் தாமதமில்லை, விரிப்பதில்தான்.

இந்த விரிப்பு வேலைக்கென்றே சில்லுக்குள் தனிச் சுற்று உண்டு. ஐபோன் 2017 முதல் எடுக்கும் எச்இவிசி வகைக் காணொளிக்கு, இன்டெல் சில்லுகளில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முறையான சுற்று இருக்கிறது. பத்து பிட் வண்ணம் என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும்.

அதைவிடப் பழைய கணினியா? அப்போதும் வழி இருக்கிறது. அதன் பெயர் பிராக்சி. பெரிய கோப்புக்குப் பதிலாக, எளிதில் விரியக்கூடிய சிறிய நகல் ஒன்றை மென்பொருளே செய்துகொள்ளும். நகலை வைத்து வெட்டுகிறோம். கடைசியில் மூலக் கோப்பிலிருந்து முழுத் தரத்தில் படம் வெளிவரும். டாவின்சி ரிசால்வ், கேடன்லைவ், ஷாட்கட் மூன்றிலும் இந்த வசதி காசில்லாமல் கிடைக்கிறது. நகல் எடுக்க நேரம் பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் கடைசியில் படத்தை வெளியேற்றும் நேரம் இதனால் குறையாது. அதற்கு ஏற்றுமதி அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங் என்பதைத் தேடி இயக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் புலப்படும். உருமி மேளம் எடுத்தவர்களைக் கேளுங்கள். முதல் நிமிடத்தில் குச்சியும் சத்தமும் சேர்ந்து விழும். பத்தாவது நிமிடத்தில் குச்சி தோலில் பட்ட பிறகு, சாவகாசமாகச் சத்தம் வரும். பேச்சு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், உருமியில் இது சகிக்காது. பல கைப்பேசிகள் படத்தைச் சீரான வேகத்தில் எடுப்பதில்லை. இருட்டிவிட்டால் விநாடிக்கு 30 என்பது 24 ஆகும், 20 ஆகும். சில மென்பொருள்கள் அதைச் சீரான வேகம் என்றே நினைத்து அடுக்கும். சத்தம் மட்டும் தன் வேகத்தில் போகும். வெட்டத் தொடங்குமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், நிலையான பிரேம் வேகம் என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்போதே 1080 அளவுக்கும் இறக்கிவிட்டால் புள்ளிகள் நாலில் ஒன்றாகும். பிராக்சியே தேவைப்படாமல் போகலாம். அக்கா பார்க்கப் போவது கைப்பேசித் திரையில்தானே!

பிறகு, காசு செலவழிக்குமுன் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வெட்டிப் பாருங்கள். நினைவகம் நிரம்பி வழிகிறதா? 8 ஜிகாபைட்டை 16 ஆக்கினால் பலன் தெரியும். மையச் செயலி மட்டும் நூறு விழுக்காட்டில் நிற்கிறதா? நினைவகம் கூட்டிப் பயனில்லை, பிராக்சிதான்.

முதலில் நன்றாக ஓடிக் கால் மணி நேரத்தில் மந்தமாகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். தைப்பூசக் காலம் கெடாவில் மழையில்லாத வெயில் காலம். சில்லு ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தையில் வைத்தால் அடியில் காற்றுப் போகும் துளைகள் மூடிப்போகும். மேசையில் வையுங்கள், விசிறியில் அடைந்த தூசியைத் தட்டச் சொல்லுங்கள். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வெட்டுவதைவிட, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் அதே கணினி இன்னும் வேகமாக ஓடும்.