புதுக்கோட்டைச் சிம்மாசனமும் பிறப்பின் யோக்கியதையும்

(அய்யலூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன இந்த அய்யலூரில் வந்து இராஜாக்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். சந்தையில் ஆடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், தூக்கி எடை பார்க்கிறான். நாட்டை ஆளுகிறவன் விஷயத்தில் மாத்திரம், எந்த வயிற்றில் பிறந்தான் என்பதைத் தவிர வேறொன்றும் பார்க்கப்படவில்லை. அந்த வழக்கத்தின் யோக்கியதையை, மணப்பாறை திருச்சி தாண்டினால் வந்துவிடும் புதுக்கோட்டையைக் கொண்டே பார்ப்போம்.

நமது திண்டுக்கல் சீமையிலும் பாளையக்காரர்கள் இருந்தார்கள். கும்பெனியாரை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1799-ல், கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிக்கப்பட்டு, கும்பெனியார் கையில் ஒப்புவிக்கப்பட்டு, கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எதிர்த்த பாளையங்கள் மண்ணாயின. துணை நின்ற தொண்டைமான் வம்சம் சமஸ்தானமாய் நிலைத்தது. காரணம் இவ்வளவு வெளிச்சமாயிருக்க, அரசருக்குப் பட்டப்பெயரோ “பிரகதாம்பாள் தாசர்”! அம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு அடித்து, நவராத்திரியில் அரிசியோடு தானமும் செய்தார்கள். அம்பாள் கொடுத்த இராஜ்யம் என்று ஜனங்கள் நம்பினார்கள். கொடுத்தது யார், எடுக்கக் கூடியவர் யார் என்பது 1915-ல் தெரிந்து போயிற்று.

அப்போது பட்டத்திலிருந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1886-ல், சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர். அவர்கூட மகன் வயிற்றுப் பேரனல்ல. முந்திய ராஜா இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். சுவீகாரம் என்று ஒரு சடங்கு செய்ததும் அவர் மகனாகிவிட்டார்! சாஸ்திரம் வேண்டும்போது எவ்வளவு இளகிக் கொடுக்கிறது பாருங்கள். அவர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும். தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த பெண் என்று ஊரார் ஆட்சேபித்தும், முத்துலட்சுமி என்ற மாணவியைத் தம்முடைய காலேஜில் சேர்க்க இசைந்தவர் அவர். அந்தப் பெண்தான் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்.

அந்த ராஜா 1915 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், மாலி பிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை ரிஜிஸ்தர் கலியாணம் செய்து கொண்டார். புரோகிதனில்லை, அக்கினியில்லை, இருவர் மனமொத்த விவாகம். உடனே வந்தது ஆபத்து! அதை ராணி விவாகமாக அங்கீகரிக்க முடியாது என்றது வெள்ளைக்கார சர்க்கார். சமஸ்தானத்துக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. நம் ஜாதி வழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று புஸ்தகம் எழுதிய வெள்ளைக்காரனும், மிலேச்ச ஸ்திரீ என்று மூக்கைப் பிடித்த வைதீகனும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தம்பதிகள் புதுக்கோட்டையில் தங்கியது சில மாதங்களே. 1916 ஜூலையில் சிட்னி நகரத்தில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி என்று பேர் வைத்தார்கள். அப்பிள்ளைக்குப் பட்டமில்லை என்று ஆயிற்று. குழந்தை செய்த குற்றம் என்ன? தாய் வேறு நிறம், அவ்வளவே.

இது கறுப்பு மனிதர் நாட்டுப் பைத்தியம் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் சிறு சிறு ராஜ்யங்கள் ஒரு கூட்டமிருந்தன. அங்கும் ராஜ குடும்பத்தான் தனக்குச் சமமான குலத்தில் பெண் கொள்ளாவிட்டால், பிறக்கும் பிள்ளைக்குப் பட்டமில்லை என்பது வழக்கம். சுவார்ட்ஸ்பர்க் என்ற சிறு ராஜ்யத்தில் கடைசி அரசரான குந்தர் விக்டருக்கோ பிள்ளையில்லை. சமமில்லாத விவாகத்தில் பிறந்தவர் என்று தள்ளி வைத்திருந்த சிசோ என்பவரை, வாரிசு வேண்டியபோது, 1896-ல் இளவரசரென்று ஒப்புக் கொண்டார்கள். நேற்றுத் தாழ்ந்த இரத்தம் இன்று உயர்ந்த இரத்தமாயிற்று! ஆனால் 1918 நவம்பரில் ஜனங்கள் எழுந்ததும் ஜெர்மானிய அரசர் எல்லோருடைய முடியும் இறங்கிற்று. குந்தர் விக்டரே கடைசியாக இறங்கியவர்.

நம் ராஜா கடைசியில் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுத்துப் பிரான்சு தேசத்துக் கான் நகரத்தில் வாழ்ந்தார். 1922 முதல் அவர் சகோதரர் ரீஜெண்டாக இருந்தார். ராஜா 1928-ல் பாரிஸில் இறந்தார்; லண்டனில் தகனம் நடந்தது. குதிரைப் பந்தயமும் கடற்கரை பங்களாவும் யாருடைய பணத்தில் நடந்தன? மானம் பார்த்த பூமியில் ஏர் ஓட்டிய குடியானவனுடைய பணத்தில். விவாகத்தில் அவர் பக்கம் நியாயமிருந்தது என்பதற்காக இந்தக் கணக்கை நாம் மறைக்க மாட்டோம்.

பிறகு தொண்டைமான் குடும்பத்திலேயே ஆறு வயதுச் சிறுவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் கடைசி ராஜா, இராஜகோபாலத் தொண்டைமான். சொந்த மகன் உயிரோடிருக்க அவனுக்கு உரிமையில்லை; இந்தக் குழந்தைக்கு உண்டு. இரண்டும் வெள்ளைக்காரன் கையெழுத்தால் தீர்ந்த காரியம். அம்பாளை யார் கேட்டார்கள்? ஜனங்களைத்தான் யார் கேட்டார்கள்? வயதுவராத ராஜாவின் பேரால் அதிகாரிகள் ஆண்டார்கள். 1931-ல் வரிகளை எதிர்த்து ஜனங்கள் கொதித்தெழுந்தபோது, சிம்மாசனத்துக்கு உடையவருக்கு ஒன்பது வயது!

அவரைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு அதிகமில்லை. 1948 மார்ச் 3-ந் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவில் அடங்கிற்று. கோட்டை இடியவில்லை, வானம் பிளக்கவில்லை. 1952-ல் அதே புதுக்கோட்டையிலிருந்து ஜனங்கள் வோட்டுப் போட்டு முத்துசாமி வல்லத்தரசு என்ற வக்கீலைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1971-ல் ராஜமானியமும் ஒழிந்தது. இராஜகோபாலத் தொண்டைமான் விவாகம் செய்து கொள்ளாமலே வாழ்ந்து, 1997-ல் காலமானார். மாலி அம்மையாரோ அதற்கு முப்பது வருஷம் முந்தியே, 1967-ல், கான் நகரத்தில் இறந்து போனார்.

புதுக்கோட்டை 1974-ல் தனி ஜில்லாவாயிற்று. ராஜாவின் புது அரண்மனையில் இப்போது நடப்பது கலெக்டர் ஆபீசு. திங்கட்கிழமை போனால் பார்க்கலாம். பட்டா கேட்டும், விதவைப் பென்ஷன் கேட்டும், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையாய் உள்ளே போய்க் கொண்டிருக்கிறார்கள்.