ரன் ஓடிப்போனது, செட் குடியேறியது



அழைப்பிதழில் என் தலைப்பை 'ஆங்கிலமும் தமிழும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை நான் தாங்கமாட்டேன். இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஒன்று 'செட்'. இன்னொன்று 'ரன்'. ஆங்கிலத்தில் ஆளுக்கு மூன்றே எழுத்து. ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இவை பிடித்திருக்கும் இடத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு 'செட்'. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். தொடர்களையும் மரபு வழக்குகளையும் சேர்த்தால் 580. விளக்கமும் மேற்கோளுமாக ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஒரு நாவல் அளவு! அடுத்த பதிப்புக்கான திருத்தம் 'எம்' எழுத்திலிருந்து தொடங்கியது. 2000இல் 'மேக்' முந்தியது, 2007இல் 'புட்' முந்தியது, 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டி 645 பொருளோடு முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பதிவைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். நம் ஊர்க் கணக்கில் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மாதம்தான் குறைவு.

சைமன் வின்செஸ்டர் என்ற எழுத்தாளர் அந்த ஆண்டே இதைப் பற்றி எழுதினார். 'செட்' நின்று நிதானிக்கும் பழைய உலகத்தின் சொல், 'ரன்' இயந்திரமும் கணினியும் அவசரமுமான உலகத்தின் சொல், அதனால்தான் அது முந்திக்கொண்டது என்பது அவர் வாதத்தின் சாரம். படிக்கச் சுவையாக இருக்கிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 'செட்' பதிவை முதலில் எழுதியவர் ஹென்றி பிராட்லி, 'ரன்' பதிவை எழுதியவர் வில்லியம் கிரெய்கி. இருவரும் 1928இல் முடிந்த முதல் பதிப்பின் ஆசிரியர்கள். 1989இல் நாம் பார்த்த 'செட்', பெரும்பாலும் பிராட்லி எழுதியதோடு பின்னால் வந்த இணைப்புகளை ஒட்டியது. 2011இல் வந்த 'ரன்', புதிதாக உட்கார்ந்து எழுதியது. பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, இது ஜெயித்தது, அது தோற்றது என்று சொன்னால் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளமாட்டார். தவிர, ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பது அகராதிக்காரரின் கத்தி. இன்னும் நுணுக்கமாக நறுக்கினால் இன்னும் நாலு துண்டு கூடும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்த இரண்டு சொற்களையும் வேலை செய்யும் இடத்தில் போய்ப் பாருங்கள். பழைய அச்சகத்துக்குள் நுழைவோம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையில் பிடித்த கட்டையில் கோப்பவர் செய்கிற வேலை 'செட்'. கோத்தது முடிந்து, மை தடவி, இயந்திரம் கடகடவென்று போக ஆரம்பித்தால் அது 'ரன்'. எத்தனை பிரதி அடித்தோம் என்ற கணக்குக்கும் அவர்கள் 'ரன்' என்றுதான் சொல்வார்கள். நாடகக் கொட்டகைக்குப் போங்கள். மேடையில் நிறுத்திய அரண்மனை, தோட்டம், சிறைச்சாலை எல்லாம் 'செட்'. நாடகம் எத்தனை வாரம் நடந்தது என்பது 'ரன்'. கடிகாரத்தில் முள்ளைத் திருப்பி நேரம் வைப்பது 'செட்', அப்புறம் அது நடப்பது 'ரன்'. கிரிக்கெட்டில் தலைவர் ஆட்களை அங்கங்கே நிறுத்துவது 'செட்', மட்டையாளர் அவர்களுக்கு நடுவே புகுந்து எடுப்பது 'ரன்'. சிமென்ட் இறுகினால் 'செட்', சுவரில் அடித்த பெயின்ட் வழிந்தால் 'ரன்'. பெரும்பாலும் இப்படித்தான். முதலில் ஒன்று அமர வேண்டும், பிறகுதான் இன்னொன்று ஓட முடியும். இரண்டையும் போட்டியாளர்கள் என்று சொல்வதைவிட, முன்வேலைக்காரர், பின்வேலைக்காரர் என்று சொல்லலாம்.

ஒரு விசித்திரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலாடைக்கட்டி செய்யப் பாலை உறையவைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரெனெட்' என்று பெயர். அது 'ரன்' குடும்பத்துச் சொல். பாலின் துகள்கள் ஓடி ஒன்றாய்ச் சேர்கின்றன என்ற பழைய எண்ணம். அதே பால் உறைந்து கெட்டியானதும் 'செட்' ஆகிவிட்டது என்பார்கள். ஒரே சட்டிக்குள் ஓட்டமும் உறைதலும்.

இலக்கணம் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு செய்தி. 'அமர்' என்றால் தன்வினை, 'அமர்த்து' என்றால் பிறவினை. ஆங்கிலத்தில் 'சிட்', 'செட்' இரண்டும் அதே உறவுதான். 'சிட்' தானே உட்காருவது, 'செட்' இன்னொன்றை உட்காரவைப்பது. 'ரன்' சொல்லுக்கும் ஆதியில் இப்படி இரண்டு வடிவம் இருந்தது, தானே ஓடுவதற்கு ஒன்று, ஓடச்செய்வதற்கு ஒன்று. ஆங்கிலத்தில் அவை இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. நாம் 'ஓடு', 'ஓட்டு' என்று இன்றைக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறேன். 'ரன்' பொருள்கள் அறுநூற்றைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஆள் இரண்டு பேர் சம்பளத்தை வாங்குகிறார்.

'செட்' வேறு மாதிரி. நாம் ஒன்று என்று நினைப்பது உண்மையில் இரண்டு. வினைச்சொல் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஒரு கூட்டம், ஒரு தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லுக்கு ஆதி லத்தீனில் 'செக்டா', பின்பற்றுவோர் கூட்டம். சமயப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டு வெவ்வேறு ஆட்கள் ஒரே முகத்தோடு திரிந்ததில், போகப் போக இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கணக்குப் பாடத்தில் வருகிற 'செட்' அந்த லத்தீன் வழியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதற்குக் 'கணம்' என்று பெயர். இலங்கைப் பாடநூலில் 'தொடை'. எதுகைத் தொடை, மோனைத் தொடை என்று யாப்பில் படித்தோமே, அதே தொடை. எனக்கு இலங்கைக்காரர் சொல்தான் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உலகப் போட்டியில் 'ரன்' ஜெயித்தது. தமிழனின் வாயில் எது ஜெயித்தது?

'ரன்' நம்மிடம் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டவில்லை. ரன் எடுத்தார், ரன் அவுட் ஆனார், அவ்வளவுதான். 'ரன்' என்றே 2002இல் ஒரு படம் வந்தது. அந்தப் படத்தைப் பற்றியும் நாம் என்ன சொன்னோம்? நல்லா ஓடுச்சு என்றோம். 'ரன்' படமே தமிழில் 'ரன்' ஆகவில்லை, ஓடியது. ஏனென்றால் 'ஓடு' என்று ஒரு கிழட்டுச் சிங்கம் வாசலிலேயே படுத்திருக்கிறது. படம் ஓடுது, மின்விசிறி ஓடுது, ஆட்டோவில் மீட்டர் ஓடுது, சேலையில் ஜரிகை ஓடுது, மனசுக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு, எப்படியோ பொழப்பு ஓடுது. இயந்திரம் ஊருக்குள் வந்தபோது ஆங்கிலேயன் 'ரன்' என்ற சொல்லுக்குக் கொடுத்த வேலையை நாம் யாரையும் கேட்காமல் 'ஓடு' என்ற சொல்லிடம் கொடுத்துவிட்டோம். வின்செஸ்டர் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்: இயந்திரம் வந்த இடத்திலெல்லாம் ஓடும் சொல்லுக்கு வேலை கூடியிருக்கிறது.

முழுக்க ஒத்துப்போகிறது என்றும் சொல்லமாட்டேன். ஆங்கிலேயனுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அவன் கடையை ஓட்டுவான், நாம் கடை வைத்திருக்கிறோம். தேர்தலில்தான் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் ஓடுவார், பிரிட்டன் வேட்பாளர் நிற்பார். நம் ஆளும் நிற்கிறார். ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் யார் ஓடுகிறார், யார் உட்காருகிறார் என்பதை இந்த மேடையில் நான் பேசப்போவதில்லை.

'செட்' கதை நேர்மாறு. அதன் எல்லா வேலையையும் செய்ய நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை. வை, அமை, பொருத்து, உறை, இறுகு, சாய், தொகுதி என்று ஏழெட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லாத வீடு. 'செட்' உள்ளே வந்து எல்லா அறையிலும் பாய் விரித்தது. காலையில் ஓட்டலில் செட் தோசை. தாத்தாவுக்குப் பல்செட். கோயில் கொடைக்கு மைக் செட். ஸ்டுடியோவில் செட் போட்டுப் பாட்டு எடுக்கிறார்கள். சிவகாசியில் ஆஃப்செட். 'அவனும் நானும் ஒரே செட்டு' என்றால் ஒத்த வயது. 'அவன் ஒரு செட்டு சேர்த்துக்கிட்டுச் சுத்துறான்' என்றால் அம்மாவுக்குக் கவலை. 'எல்லாம் செட்டிங்பா' என்றால் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். 'இந்த வேலை எனக்கு செட் ஆகல' என்று மகன் சொன்னால், ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அர்த்தம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எழுதுகிற செட் தேர்வு மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம்.

இதில் பம்புசெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது ஒரு கருவித் தொகுதி, மோட்டாரும் பம்பும் சேர்ந்தது. கிராமத்தில் பிள்ளையைப் பார்த்து, 'பம்புசெட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா' என்கிறார்கள். கருவி இடமாகிவிட்டது. அந்தச் சின்னக் கட்டடம், முன்னால் தண்ணீர் விழும் தொட்டி, வாய்க்கால், துவைக்கும் கல், சில கதைகளில் வருகிற காதல், எல்லாம் சேர்ந்து பம்புசெட். இந்தப் பொருளைக் கொடுத்தது நாம். பிராட்லிக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தகரக் கொட்டகைக்கு ஆங்கிலத்தில் 'ஷெட்' என்று பெயர். ஊரில் அதையும் நாம் செட்டு என்றே சொல்கிறோம். கார் செட்டு, தகரச் செட்டு. இரண்டாம் 'செட்' ஒன்று திருட்டுத்தனமாய் நுழைந்து முதலாமவன் பாயிலேயே படுத்துக்கொண்டது. ஆக்ஸ்போர்டு அகராதியின் தலைமை ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் மரே வேலை செய்த இடமும் ஒரு தகரச் செட்டுதான்! லண்டனை அடுத்த மில் ஹில்லில் தன் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒன்று கட்டி, உள்ளே 1,029 சிறு அறைகள் கொண்ட அடுக்கு வைத்தார். பிறகு ஆக்ஸ்போர்டு, பான்பரி சாலை வீட்டில் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையை மறைக்கும் என்று அதைத் தரைக்குள் இறக்கிக் கட்டவேண்டி வந்தது. உள்ளே ஈரமும் குளிரும். அங்கே உட்கார்ந்துதான் மனிதர் 1915இல் சாகும்வரை வேலை செய்தார். 'டி' (T) எழுத்தைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தார்.

அந்த 1,029 அறைகளை நிரப்பியது மரே இல்லை. 1879இல் அவர் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விட்டார்: புத்தகம் படியுங்கள், சொல்லைக் கண்டால் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர்கள், பாதிரியார்கள், வீட்டில் இருந்த பெண்கள், மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்த ஒரு ராணுவ மருத்துவர் உட்பட எத்தனையோ பேர் எழுதினார்கள். லட்சக்கணக்கான சீட்டுகள். 'செட்', 'ரன்' என்று நாம் வியக்கிற பொருள்களுக்கெல்லாம் தொடக்கம் அந்தச் சீட்டுகள்தான்.

அதனால் ஒரு சிறு வேலை. வாசலில், புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசையில், வாசகர் வட்டத்தார் அரைத் தாள் அளவில் சீட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழில் நீங்கள் கேட்ட 'செட்' எதுவாயிருந்தாலும் எழுதுங்கள். இடது மூலையில் சொல். அதன் கீழே, கேட்ட வாக்கியம் அப்படியே, திருத்தாமல். ஓரத்தில் ஊர், ஆண்டு, சொன்னவர் என்ன தொழில். பெயர் வேண்டாம். தறி ஓட்டுகிறவர்கள், லாரிப் பட்டறையில் இருப்பவர்கள், பந்தல் போடுகிறவர்கள் இங்கே இருந்தால் இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாத 'செட்' உங்களிடம்தான் இருக்கும். பேனா மேசையில் நூலால் கட்டியிருக்கிறது, தயவுசெய்து அதைக் கொண்டுபோய்விடாதீர்கள்.