திருமுகம்



பெரியநாயகியம்மையோடு கோணேசுவரப் பெருமான் மாடக்கோயில் கொண்டு வீற்றிருக்கும் இக் குடவாயிலில், சற்று முன்னர் ஓர் இளைஞர் விழா மலரைக் காட்டி என்னை வினவினார்: “ஆதீனத்திலிருந்து வந்த வாழ்த்தை ஸ்ரீமுகம் என்று அச்சிட்டிருக்கிறார்களே! ஐயா, கடிதத்துக்கும் முகத்துக்கும் என்ன தொடர்பு?” எடுத்து வந்த பொருளை ஒதுக்கிவிட்டு இதனையே பேசத் துணிந்தேன்.

சோழர் காலத்தில் அரசாணைக்குத் திருமுகம் என்பது பெயர். அது பிறக்கும் முறையை ஆனைமங்கலச் செப்பேடுகளிற் காணலாம். மன்னன் வாய்மொழியாக ஆணையிடுவான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுதுவான், ஓலைநாயகம் ஒப்பவேண்டும், வரிக்கணக்கிலும் ஏறவேண்டும். அதன் பின்னரே நாட்டாருக்குத் திருமுகம் செல்லும். நாட்டார் அதனை எதிர்கொண்டு தொழுது, வாங்கித் தலைமேல் வைப்பர். பிறகு பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நாட்டுவர்.

ஓலை என்னும் சொல் எழுதப்பட்ட பொருளைக் குறிக்கிறது. சாசனம் என்னும் வடசொல் கட்டளையைக் குறிக்கிறது. திருமுகம் என்பதோ விடுத்தவரையே குறிக்கிறது! ஓலை வந்தால் மன்னன் முகமே வந்ததாகக் கொண்டனர் என்பதே இப்பெயருக்குப் பொருத்தமான காரணம்.

முகத்துக்கு உரியவர் மறைந்த பின்னரும் அம்மதிப்புக் குன்றவில்லை. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்து வருவாயை இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்டவன் அவன் என்பதை மறவாதீர்கள். தந்தைக்குப் பின் அவ்வாணையைச் செப்பேட்டில் ஏற்றி நிலைபெறுத்தியவன் இராசேந்திரன்.

நாமோ? ஓர் ஊரில் திருப்பணி நடந்தபோது, கல்வெட்டின்மேல் பட்டை பட்டையாக வண்ணம் பூசியிருக்கக் கண்டேன். எந்த ஊர் என்பது வேண்டா. “பழைய கிறுக்கல்தானே சாமி!” என்றார் பூசியவர். அவரை நோவதில் பயனில்லை. கோயிலுக்கு நிலம் வந்த வரலாறு அங்கே இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்லாதவர்கள் நாமல்லவா? முப்பது ஆண்டுகளாக அக் கோயிலில் விரிவுரை செய்த அடியேனும் அச்சுவரை ஒருநாள் நின்று படித்ததில்லை.

மன்னர் விடுத்த திருமுகங்களைப் பார்த்தோம். மன்னர் ஒருவர் பெற்ற திருமுகமும் உண்டு. ஆலவாய்ப் பெருமான் பாணபத்திரர் பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு விடுத்தது அது. பதினோராந் திருமுறையின் முதலில் நிற்கிறது. ஆணையிட்டே பழகிய சேரமான், அதனைத் தொழுது முடிமேற் கொண்டார். கண்ணீர் பெருக நின்றார். தம் பண்டாரம் முழுவதையும் திறந்து, யானை, குதிரை, அரசுரிமை அனைத்தையும் பாணர்முன் வைத்தார். பாணபத்திரரோ தமக்கு வேண்டுமளவு பொருளை மட்டுமே ஏற்று, அரசாட்சியைச் சேரமானிடமே விடுத்து மதுரைக்குத் திரும்பினார்.

திருச்சிற்றம்பலம்.